கட்டுவோர் உயிரும் கணக்கில் சேரவேண்டும்

2014-ம் வருஷம் ஜூன் மாதம் 28-ந் தேதி சனிக்கிழமை மாலை, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டிடமொன்று பெருமழையினிடையே சரிந்து தரைமட்டமாயிற்று. ஏறக்குறைய ஒரு வார காலம் இரவு பகலாக இடிபாடுகளை அகற்றினார்கள். 27 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். 61 பேர் மாண்டனர். மாண்டவர்களிற் பெரும்பாலோர் அக்கட்டிடத்தை எழுப்பிக்கொண்டிருந்த கூலி ஜனங்கள். ஆந்திர தேசத்தின் வட ஜில்லாக்களிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும், நம் தமிழ் ஜில்லாக்களிலிருந்தும் பிழைப்பைத் தேடி வந்தவர்கள் அவர்கள்.

அன்று இடி விழுந்ததே காரணமென்று சிலர் சொன்னார்கள். தலைவிதி என்றார்கள் வேறு சிலர். ஆனால் அக்கட்டிடத்துக்கு அருகிலேயே, அதே காலத்தில், அதே மாதிரியாக இன்னொரு பதினொரு மாடிக் கட்டிடமும் எழுந்து நின்றது. அதன்மீது இடி விழவில்லை. அது சாயவும் இல்லை. எனினும் அதை நிற்கவிடுவது ஆபத்தென்று தீர்மானித்து, 2016-ம் வருஷம் நவம்பர் மாதம் 2-ந் தேதி வெடிமருந்து வைத்து அதனையும் தகர்த்துவிட்டார்கள். முதற் கட்டிடம் இடியினால் விழுந்ததென்றால், இடி படாத கட்டிடத்தைத் தகர்ப்பானேன்? இந்தக் கேள்விக்கு விதியை நம்புவோர் விடையளிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

கட்டிட வேலையில் ஆட்கள் மாளும்போதெல்லாம் நாம் 'விபத்து' என்ற சொல்லைச் சொல்லி, அந்தச் சொல்லோடு விஷயத்தையும் முடித்துவிடுகிறோம். அறுபது பேர் ஒருங்கே மாண்டால் மந்திரிகள் வருகிறார்கள். விசாரணைக்கு உத்தரவு பிறக்கிறது. சாரத்திலிருந்து ஒருவன் விழுந்து மாண்டால் பத்திரிகையில் நான்கு வரி வருவதும் அருமை. மறுநாட் காலையில் அதே சாரத்தின்மீது வேறொருவன் ஏறுகிறான். ஒரு கட்டிடம் எழும்போது செங்கல்லுக்குக் கணக்கு உண்டு, சிமெண்டுக்குக் கணக்கு உண்டு, கம்பிக்கும் மணலுக்கும் கணக்கு உண்டு. கட்டுகிறவர்களின் உயிருக்கு மாத்திரம் கணக்கு இல்லை. இந்தக் குறை இன்று நேற்று உண்டானதன்று; நாகரிகத்தின் துவக்கத்திலிருந்தே தொடர்ந்து வருவது. ஆகையால் பழைய வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்ப்பது அவசியம்.

சுமார் 3,750 வருஷங்களுக்கு முன் பாபிலோன் தேசத்தை ஆண்ட ஹம்முராபி மன்னனுடைய சட்டங்கள் ஒரு கருங்கல்லிற் பொறிக்கப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கின்றன. கட்டிடங்களைப் பற்றி மனிதர் எழுதி வைத்த மிகப் பழமையான சட்டங்களிற் சில அவற்றில் உள்ளன. ஒருவன் கட்டிய வீடு உறுதியின்றி இடிந்து வீட்டுக்காரன் மாண்டால், கட்டியவனுக்கு மரண தண்டனை. வீட்டுக்காரனுடைய மகன் மாண்டால், கட்டியவனுடைய மகனுக்கு மரணம். அடிமை மாண்டால் அடிமைக்கு ஈடாக அடிமை. சுவர் சாய்ந்தால் கட்டியவன் தன் சொந்தச் செலவில் திருத்தித்தர வேண்டும். இவற்றின் கொடுமையைப் பற்றி நாம் இங்கே விவாதிக்கப் போவதில்லை. இவ்வளவும் நுணுக்கமாக யோசித்த அந்தச் சட்டம், வீடு கட்டும்போதே இடிந்து கட்டுகின்ற கூலியாள் மாண்டால் செய்யத்தக்கது யாதென்று ஒரு வரியேனும் சொல்லவில்லை. சொத்துடையவனுக்கு நேரும் நஷ்டமே நஷ்டமென்று அக்காலத்தார் கொண்டனர்.

ரோமாபுரியின் சரித்திரத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. கி.பி. 27-ம் வருஷத்தில், பிடேனே என்னும் ஊரில், அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்ற ஒருவன் லாபத்தை நாடி மரத்தாலான பெரியதோர் காட்சி அரங்கத்தைக் கட்டினான். அஸ்திவாரத்தை உறுதியான நிலத்தில் இறக்கவில்லை. மேற்கட்டையும் பிணைப்புகளையும் செவ்வையாக அமைக்கவில்லை. ஜனங்கள் நிரம்பியிருந்த சமயத்தில் அது சரிந்தது. இறந்தவர்களும் அங்கம் இழந்தவர்களுமாக ஐம்பதினாயிரம் பேர் என்று டாசிடஸ் என்னும் சரித்திராசிரியர் எழுதுகிறார். அதற்குப் பின்னரே, உறுதி பரிசோதிக்கப்பட்ட நிலத்தில் அன்றி அரங்கம் கட்டலாகாது என்று ரோமானிய சபையார் விதி செய்தனர். பிணங்கள் குவிந்த பிறகே சட்டம் பிறப்பது என்ற வழக்கம் அன்று தொட்டு இன்றுவரை மாறவில்லை.

நம் தேசத்துக்கு வருவோம். 1010-ம் வருஷத்தில் நிறைவேறிய தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் இருநூறு அடிக்கு மேற்பட்ட உயரமுடையது. ஆயிரம் வருஷங்களுக்கு மேலாகியும் அது அசையாமல் நிற்பதைக் கண்டு நாம் பெருமை கொள்ளுகிறோம், அது நியாயமே. அதனை வகுத்த பெருந்தச்சனின் பெயர் அங்கே கல்லில் இருக்கிறது. கோயிற் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல் மகளிர் நானூறு பேரின் பெயர்களும், அவர்கள் குடியிருந்த வீட்டின் இலக்கம்வரையில், கல்லில் இருக்கின்றன. கணக்கெழுதுவதில் அவ்வளவு கண்ணுங் கருத்துமாக இருந்த காலம் அது. ஆனால் அந்தக் கற்களைச் சுமந்து அவ்வுயரத்துக்கு ஏற்றியவர் எத்தனை பேர், அவர்களில் வீடு திரும்பாதவர் எத்தனை பேர் என்னும் கணக்கை நாம் எந்தக் கல்லிலும் கண்டதில்லை. முன்னோரின் பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் விட்டுப்போன கணக்கை எழுதும் பொறுப்பு நம்முடையது என்பதற்காகவே சொல்லுகிறோம்.

பழைய கட்டிட முறைக்கும் இக்காலத்து முறைக்கும் பெரியதோர் வேற்றுமை உண்டு. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய கட்டிடத்தின் பலம் அதன் பருமனிலே இருந்தது. சுவர் அகலமாயிருந்தால் பலமுண்டென்று எவரும் கண்ணாற் கண்டறியலாம். வேலையும் மெதுவாகவே நடந்தது. இரும்புக் கம்பியும் சிமெண்டுக் கான்கிரீட்டும் வந்த பின்னர், மெல்லிய தூண்களின்மேல் பத்து மாடிகளையும் நிறுத்தலாமென்று ஆயிற்று. இதனால் உலகத்துக்கு விளைந்த நன்மை அளவிடற்கரியது. ஆனால் பலம் கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து காகிதத்துக்குப் போய்விட்டது. தூணுக்குள் எத்தனை கம்பி இருக்கிறது, கலவையில் எவ்வளவு நீர் சேர்ந்தது, அடியிலுள்ள மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பவற்றைப் பார்த்த மாத்திரத்தில் எவரும் அறிய முடியாது. கணக்கிட்டவன் தவறினால், சட்டி சுமப்பவள் தன் உயிரைக் கொடுத்து அத்தவறைத் தெரிந்துகொள்ள நேரிடுகிறது.

இதற்குக் கனடா தேசத்திலே, க்யூபெக் நகருக்கு அருகில் செயின்ட் லாரன்ஸ் நதியின்மீது கட்டப்பட்ட இரும்புப் பாலத்தைக் காட்டிலும் தக்க உதாரணம் இல்லை. முதலில் 1,600 அடியென்று வகுத்த நடுத்தாவை 1,800 அடியாக நீட்டினார்கள். நீட்டியதற்குத் தக்கவாறு பாலத்தின் சொந்த எடையைத் திரும்பக் கணக்கிடவில்லை. பின்னர் எடை மிகுதியென்று தெரிந்தபோதும் வேலையை நிறுத்தவில்லை. 1907-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், பாரம் தாங்கும் கீழ் உறுப்புகள் வளைந்திருப்பதை அங்கு வேலை செய்தவர்கள் கண்டார்கள். அவை முன்னமே வளைந்திருந்தனவா, பிறகு வளைந்தனவா என்று கடிதங்கள் பறந்தன. பொறுப்புடைய ஆலோசக இஞ்சினீயர் நியூயார்க்கில் இருந்தார். இளைய இஞ்சினீயர் ஒருவர் நேரிற் சென்று தெரிவித்ததும், மேற்கொண்டு பாரம் ஏற்றவேண்டாமென்று அவர் தந்தி அடித்தார். அத்தந்தி பாலத்தடிக்குப் போகவில்லை. இரும்பு செய்யும் கம்பெனியின் காரியாலயத்துக்குப் போயிற்று. அதே தினமாகிய ஆகஸ்டு 29-ந் தேதி மாலை, வேலை முடியும் தறுவாயில், பாலம் நதியில் விழுந்தது. அதன்மேல் இருந்த 86 பேரில் 75 பேர் மாண்டனர்.

சிங்கப்பூரில் நம் தமிழ் மக்கள் நன்கறிந்த சிராங்கூன் ரோட்டில், 1986-ம் வருஷம் மார்ச்சு மாதம் 15-ந் தேதி ஆறு மாடி ஹோட்டல் ஒன்று ஒரு நிமிஷத்தில் நொறுங்கி விழுந்து 33 பேர் மாண்டனர். பதினைந்து வருஷ காலம் நின்ற கட்டிடம் அது. விசாரணையில் வெளிவந்த காரணம் திடுக்கிடச் செய்வது: உள்ளே இருக்கப்போகும் ஜனங்கள், சாமான்கள் ஆகியவற்றின் பாரத்தைக் கணக்கிட்டவர், கட்டிடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவே மறந்துவிட்டார். அத்தூண்கள் விழும் நாளை எதிர்நோக்கியே அத்தனை வருஷமும் நின்றிருந்தன.

இவ்விரண்டு தேசங்களிலும் ஒன்று நடந்தது; அதை நாம் கவனிக்கவேண்டும். விசாரணை நடந்தது, காரணம் இன்னதென்று உலகறிய வெளியிட்டார்கள், அதிலிருந்து மற்ற இஞ்சினீயர்கள் பாடம் கற்றார்கள். நம் நாட்டிலோ, பெருங் கட்டிடம் இடிந்தால் விசாரணை உண்டு. நாள்தோறும் ஒருவர் இருவராக மாள்வதற்கு விசாரணை என்பதே அபூர்வம். அந்தச் சாவுகளின் காரணங்கள் இரகசியமானவையா? இல்லை. கொத்தனார் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்.

கான்கிரீட்டுத் தளம் போட்ட பிறகு அது இறுகித் தன் பாரத்தைத் தானே தாங்கும்வரையில் அடியில் முட்டுக்கால்கள் நிற்கவேண்டும். தளத்தின் அகலத்துக்குத் தக்கபடி 7 முதல் 14 நாட்களும், உத்தரங்களுக்கு 14 முதல் 21 நாட்களும் முட்டுகளை எடுக்கலாகாதென்று இந்திய தர விதிகள் கூறுகின்றன. சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஏறுகிறதென்று, அல்லது அடுத்த மாடிக்கு வேண்டுமென்று, நாளுக்கு முன்னரே அவற்றைத் தட்டி எடுக்கிறார்கள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது, ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு மேற்பட்டால் பக்கங்களைச் சரிவாக வெட்டவேண்டும், அல்லது பலகை கொடுத்து முட்டு வைக்கவேண்டும். ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஒன்றரை டன்னுக்குக் குறையாது. அது மார்பளவு சரிந்தாலும் மனிதன் மூச்சு விட முடியாமற் போவான். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவித்து வைப்பதும், மழை பெய்த மறுநாளே ஆட்களை உள்ளே இறக்குவதும் நாம் கண்ணாரக் காணும் காட்சிகள். சாரத்துக்கு உளுத்த சவுக்குக் கம்பும் இற்ற கயிறும், மாடியின் விளிம்பில் தடுப்பில்லாமை, கல் அறுக்கும் தூசியை வருஷக்கணக்கில் சுவாசித்து நுரையீரல் கெட்டுப்போவது ஆகிய இவையெல்லாம் எவரும் அறியாத சங்கதிகளல்ல.

அங்ஙனமாயின், தெரிந்தும் ஏன் நடக்கிறது? காரணம் பொறுப்பு கைமாறுவதே. சொந்தக்காரர் பெரிய கண்டிராக்டரிடம் ஒப்படைக்கிறார், அவர் சிறு கண்டிராக்டரிடம், அவர் மேஸ்திரியிடம், மேஸ்திரி எங்கோ ஒரு கிராமத்தில் முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டி வருகிறார். ஒவ்வொரு படியிலும் ஒருவருக்கு லாபம் வேண்டும். இறங்க இறங்கப் பணம் குறைகிறது, அவசரம் ஏறுகிறது. கடைசிப் படியில் நிற்கும் சித்தாளுக்கு வந்து சேர்வது நாட்கூலியும் ஆபத்துமே. அவள் விழுந்துவிட்டால், மேலேயுள்ள ஒவ்வொருவரும் தமக்குக் கீழுள்ளவரைக் கை காட்டுகிறார்கள்.

பெரிய காரியங்களில் சில உயிர்கள் போவது சகஜந்தானே என்று கேட்போரும் உண்டு. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இங்ஙனமே எண்ணினார்கள். பத்து லக்ஷம் டாலர் செலவாகும் வேலைக்கு ஓர் உயிர் போகுமென்பது அங்கே தொழில் வழக்காகவே இருந்தது. 1933-ம் வருஷத்தில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் மூன்று கோடி டாலருக்கு மேற்பட்ட செலவில் கோல்டன் கேட் பாலம் கட்டத் தொடங்கியபோது, தலைமை இஞ்சினீயர் இந்த வழக்கை ஏற்க மறுத்தார். எல்லாரும் தலைக்கவசம் அணியவேண்டுமென்று கட்டளையிட்டார்; பாலத்தின் அடியில் நெடுகிலும் வலை கட்டினார். வலையில் விழுந்து 19 பேர் பிழைத்தார்கள். வேலை தொடங்கி ஏறக்குறைய நான்கு வருஷம்வரையில் மாண்டவர் ஒருவரே. 1937-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் சாரமொன்று அறுந்து வலையையும் கிழித்துக்கொண்டு விழுந்ததில் 10 பேர் மாண்டது பெருந்துக்கமே. அப்படியும், முப்பதுக்கு மேல் போகுமென்று எண்ணியிருந்த இடத்தில் மொத்தம் 11 உயிர்களே போயின. ஒரு வலையும் ஒரு தொப்பியும் 'சகஜம்' என்ற சொல்லைப் பொய்யாக்கிவிட்டன.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் 1923-ம் வருஷத்திலேயே பிறந்தது. 1982-ம் வருஷம் டில்லியில் ஆசிய விளையாட்டுக்களுக்காக அரங்கங்கள் எழும்பிய சமயம், அங்கு உழைத்தவர்களின் குறைகளைப் பற்றித் தொடுக்கப்பட்ட வழக்கில், கட்டிட வேலை ஆபத்தான தொழிலே என்றும், பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அதில் அமர்த்தலாகாதென்றும், சட்டப்படியான குறைந்த கூலியைக் கூடக் கொடாமல் வேலை வாங்குவது கட்டாய உழைப்பாகுமென்றும் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். அதே வருஷத்தில் தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. 1994-ம் வருஷத்தில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் ஏற்பட்டது. நாடு முழுவதற்குமான சட்டங்கள் 1996-ம் வருஷத்தில் பார்லிமெண்டில் நிறைவேறின. கட்டிடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் வரி வசூலித்துத் தொழிலாளரின் நலத்துக்குச் செலவிடவேண்டுமென்பது அவற்றுள் ஒன்று. தொழிலாளர் இயக்கங்கள் பல வருஷம் பாடுபட்டுப் பெற்ற சட்டங்கள் அவை. 2020-ம் வருஷத்தில் இவை புதிய தொகுப்புச் சட்டங்களுக்குள் அடக்கப்பட்டன.

சட்டத்தின் எழுத்துக்குக் குறைவில்லை, நிறைவேற்றந்தான் குறை. 2018-ம் வருஷம் மார்ச்சு மாதம் சுப்ரீம் கோர்ட்டார் அளித்த தீர்ப்பு இதை அம்பலப்படுத்திற்று. அதுவரை நாடு முழுவதிலும் இந்த வரியாக வசூலான தொகை ரூ. 37,400 கோடிக்கு மேல். தொழிலாளருக்காகச் செலவான தொகை சுமார் ரூ. 9,500 கோடி. கூரையில்லாக் கொட்டகையில் குழந்தையை மணலிற் கிடத்திவிட்டுச் சட்டி சுமக்கும் தாயின் பெயரால் வசூலித்த பணத்தில் நாலில் மூன்று பங்கு பெட்டியிலே தூங்கிற்று.

மேலும் ஒரு பேதத்தை நாம் தெளிவாக உணரவேண்டும். நஷ்ட ஈடு வேறு, பாதுகாப்பு வேறு. செத்தவனுடைய குடும்பத்துக்குப் பணம் கொடுப்பது கடமையே. ஆயினும் சாவைத் தடுக்காமல் சாவுக்கு விலை கொடுப்பதோடு நின்றால், நாம் ஹம்முராபியின் காலத்திலிருந்து அதிக தூரம் வந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆகவே நாம் கோருவன சில.

முதலாவதாக, ஒவ்வொரு வேலைத்தலத்திலும் சொந்தக்காரர், இஞ்சினீயர், தலைமைக் கண்டிராக்டர் ஆகியோரின் பெயர்களும், கடைசியாகச் சோதனை நடந்த தேதியும், ஆட்கள் படிக்கக்கூடிய பாஷைகளிலே பலகையில் எழுதி வைக்கப்படவேண்டும். தலைமைக் கண்டிராக்டர் தம் பொறுப்பை மேஸ்திரியின் தலையில் இறக்க இடமிருக்கலாகாது. இரண்டாவதாக, சாரம், வலை, கவசம், முட்டு ஆகியவற்றின் செலவை டெண்டரில் தனியாகக் காட்டி, குறைந்த விலைப் போட்டிக்கு வெளியே வைக்கவேண்டும். உயிரைக் குறைத்து விலையைக் குறைப்பவருக்குக் கண்டிராக்டு கிடைக்கக்கூடாது. மூன்றாவதாக, மாண்டவர் ஒருவரேயாயினும் காரணத்தை விசாரித்து வெளியிடவேண்டும். நான்காவதாக, விரிசலையோ வளைவையோ கண்ட தொழிலாளி கூலி இழக்காமல் வேலையை நிறுத்தும் உரிமை பெறவேண்டும். க்யூபெக்கில் வளைவைக் கண்டவர்களுக்கு அந்த உரிமை இருந்திருந்தால், தந்தி எங்கே போனாலும் 75 பேர் பிழைத்திருப்பார்கள்.

இதனால் வீட்டின் விலை ஏறுமே என்பர். சிறிது ஏறலாம். அந்தச் சிறு தொகையைத்தான் இன்று கொத்தனாரும் சித்தாளும் தங்கள் எலும்பால் செலுத்தி வருகிறார்கள் என்பதை மறவாதிருப்போமாக.

இதைப் படிக்கும் அன்பர்களில் பலர் ஊர்தோறும் பொதுப்பணி புரிபவர்கள். பலர் சொந்தத்தில் வீடு கட்டியவர்கள், அல்லது கட்டப்போகிறவர்கள். சொந்தமாகக் குடியிருக்கக் கட்டிய பத்து லக்ஷம் ரூபாய்க்கு உட்பட்ட வீடுகளை 1996-ம் வருஷச் சட்டம் தன் வரம்புக்கு வெளியே விட்டிருந்தது. அத்தகைய இடங்களில் சர்க்காரின் கண் எட்டாது. சொந்தக்காரரின் மனச்சாட்சியே சட்டம். கிரகப்பிரவேசத்தன்று கொத்தனாருக்கு வேஷ்டியும் தாம்பூலமும் கொடுத்து மரியாதை செய்வது நம் நாட்டின் அழகிய வழக்கம். அந்த மரியாதையை வானம் தோண்டும் நாளிலேயே தொடங்கவேண்டுமென்றுதான் நாம் கேட்டுக்கொள்ளுகிறோம். முட்டுக்கால் எடுக்கும் தேதியைக் கேளுங்கள். சாரக்கம்பை ஒருமுறை தட்டிப் பாருங்கள். தொண்டர்கள் தங்கள் வட்டாரத்தில் எழும் கட்டிடங்களுக்குச் சென்று, அங்குள்ளோர் வாரியத்திற் பதிவு பெற்றிருக்கிறார்களா என்று விசாரித்து, பெறாதோரைப் பதியச் செய்யுங்கள். அவ்வாறு பதிந்த ஒவ்வொரு பெயரும், தஞ்சைக் கல்லில் இடம் பெறாமற் போனவர்களின் வமிசத்தாருக்கு நாம் செலுத்தும் பழங் கடனில் ஒரு தவணையாகும்.